முகம் மட்டும் வரவில்லை

“இண்டைக்கும் என்ரை முகத்தை அழிச்சுப்போட்டியே? உனக்கென்ன விசரே?”

சிவகௌரி கத்தியதில் மடியிலிருந்த கீர்த்திகா திடுக்கிட்டாள். நாலு வயதுப் பிள்ளை. கால் இரண்டும் தண்ணீர்ப் பேசினுக்குள். தாய் பிள்ளைக்குக் கால் கழுவிவிடுகிற மாதிரி ஒரு படம். ஒரு கிழமையாகத் தங்கை ஜெயனி அதைத்தான் கீறிக்கொண்டிருக்கிறாள், முடிந்தபாடில்லை.

“சரியா வரேல்லை அக்கா. கொஞ்சம் குனிஞ்சு பிள்ளையைப் பாருங்கோ.”

“குனிஞ்சு குனிஞ்சு கழுத்துச் சுளுக்கிப்போச்சு. வெள்ளிக்கிழமை கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போக வான் வந்திடும். இன்னும் ஒரு சூட்கேஸும் அடுக்கேல்லை. கனடாவிலையிருந்து உன்ரை அத்தான் ஒவ்வொருநாளும் போனிலை ஏசுறார்.”

ஜெயனி தூரிகையை நனைத்தாள். கரவெட்டிப் பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர். எத்தனை சம்பந்தம் வந்தும் கலியாணம் வேண்டாமென்று ஒரே பிடிவாதம். கீர்த்திகா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. படம் முடியாவிட்டால் பயணம் நின்றுவிடப் போகிறதா என்ன? ஆனாலும், கீறுகிற நேரமாவது பிள்ளை கண்முன்னால் இருக்குமே!

“உப்பிடிக் கீற ஆரிட்டைப் பழகினனி?” அக்காவின் குரல் கொஞ்சம் தணிந்திருந்தது.

“முந்திப் பிரான்சிலை இருந்த ஒரு ஓவியரின்ரை படங்களைப் பார்த்துத்தான். கண்ணிலை பட்ட கணத்தை அப்பிடியே வண்ணத்திலை பிடிக்கிற மனப்பதிவுவாத ஓவியர். கனபடம் தாயும் பிள்ளையுந்தான். ஆனா அவவுக்குக் கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை.”

“பிறகெப்பிடிக் கீறினவ?”

“ஆசையிலையாக்கும்.”

சிவகௌரி தங்கையை ஏறிட்டுப் பார்த்தாள். பிள்ளை தண்ணீரை உதைத்து விளையாடியது.

“சித்தி, நீங்களும் எங்களோடை பிளேனிலை வாங்கோவன்!”

ஜெயனியின் கை நின்றுவிட்டது. அழக்கூடாது என்றுதான் பார்த்தாள், முடியவில்லை. கண்ணீரோடு இழுத்ததில் அக்காவின் முகம் மறுபடியும் கலைந்துபோனது.

சிவகௌரி எழுந்துவந்து படத்தைப் பார்த்தாள். பிள்ளையின் குட்டித் தொப்பை, ஈரக் கால், தன்னுடைய பச்சைச் சேலை எல்லாம் அப்படியே வந்திருந்தன.

“இனி நான் படத்துக்கு இருக்கமாட்டன்” என்றாள்.

“அக்கா, இண்டைக்கு மட்டும்...”

சிவகௌரி காதில் வாங்காமல் உள்ளே போனாள். சுவர்க் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டுவந்து தங்கைக்கு முன்னால் சாத்தினாள். பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் இருத்திவிட்டு, காதோடு சொன்னாள்:

“ஊருக்குப் பயந்து உன்னட்டை வாங்கி வளர்த்தவள்தானே நான். கண்ணாடியைப் பார்த்துக் கீறு, பெத்தவளின்ரை முகம் தன்பாட்டிலை வரும்.”