இரண்டாவது வரி

தையல்காரரின் கையை முறித்த வழக்கில், ஓராண்டு அவரை நெருங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மெக்கானிக்கை விட்டிருந்தார்கள். ஆறே மாதத்தில் மறுபடியும் கூண்டில் நின்றார்.

“அவர் வீட்டுக்குள்ள ஒரு மணி நேரம் இருந்திருக்கீங்க. மறுக்கிறீங்களா?” என்றார் நீதிபதி.

“இல்லைங்கய்யா. போனேன்.” இனி ஜெயில்தான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்தார். “நான்தாங்கய்யா கூப்பிட்டேன்.”

“கையை உடைச்சவரையா? எதுக்கு?”

“பேத்தியைத் தூங்க வைக்க எங்கம்மா பாடின தாலாட்டைப் பாடினேன். ரெண்டாவது வரி மறந்துபோச்சு. கூடப்பிறந்த இவன் ஒருத்தனுக்குத்தான் அது தெரியும்.”

நீதிபதி நிபந்தனையை நீக்கி எழுதினார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்தார். “ஒரு வரிக்கு ஒரு மணி நேரமா?”

“பாட்டு முடியறதுக்குள்ள அண்ணன் அழ ஆரம்பிச்சுட்டாருங்கய்யா. குழந்தையை நான்தான் தூங்க வெச்சேன்.”