திரும்பி வந்த பேச்சு

“ஐயா, எங்கம்மா உங்க வீட்டுல மட்டும் ஏன் வேற மாதிரி பேசுறாங்க?”

சொய்லாவின் மகள் நாயெலி ஐந்து வயதில் கேட்ட கேள்வி அது. லெயாந்த்ரோ ஐயா அன்று விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ நான் சொல்லிக் கொடுத்தது வீண் போகல.”

ஸ்பெயினின் வயாதோலித் நகரில் நாற்பது ஆண்டுகள் ஸ்பானிய மொழி கற்பித்தவர் அவர். நாட்டிலேயே சுத்தமான பேச்சு தம் ஊர்ப் பேச்சுதான் என்பது அவர் கட்சி. அவரைக் கவனித்துக்கொள்ள வந்த சொய்லாவோ தென் அமெரிக்காவில் ஸ்பானியம் பேசும் எக்குவடோர் மலைநாட்டுக்காரி. கூப்பிட்டால் ‘மாந்தே’ என்பாள், கட்டளையிடுங்கள் என்று. நன்றி சொல்ல, ‘கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும்’ என்பாள்.

“மாந்தேயா? உன்னை இங்க யாரும் விலைக்கு வாங்கல. ‘என்ன’ன்னு கேளு, போதும்” என்பார். விருந்தாளிகள் வந்தால், நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து வயாதோலித்காரர் மாதிரி நாலு சொல் சொல்லச் சொல்வார். அவளுக்கு வராது. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

போன குளிர்காலத்தில் பக்கவாதம் ஐயாவின் வாயைக் கட்டிப் போட்டது.

மருத்துவமனைக் கட்டிலருகில் நின்றபடியே அவர் மகள் பெகோன்யா சொல்லிவிட்டாள். “அப்பாவுக்குப் பேச்சு திரும்பட்டும் சொய்லா. பேச முடிஞ்சாத்தான் முதியோர் இல்லத்துல எடுப்பாங்க. அப்புறம் அங்க சேர்த்துடுவேன். நீ வேற வேலை பார்த்துக்க.”

“இன்னும் ஒரு வருஷம்மா. வேலை ஒப்பந்தம் இருந்தாத்தான் எனக்கும் பிள்ளைக்கும் நிரந்தரமா இங்க இருக்க அனுமதி தருவாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

சொய்லா கட்டில் பக்கம் திரும்பினாள். கண்மூடிக் கிடந்தவரின் தலையணையைச் சரிசெய்தாள்.

அந்தப் பேச்சு திரும்பினால் தன் வேலை போகும் என்று தெரிந்தும், அவள்தான் அதைத் திரும்ப அழைத்தாள். ஒரு கரண்டி பூண்டு சூப்புக்கு ஒரு சொல். “சொல்லுங்க ஐயா, ரொட்டி. அவசரமில்ல. ரொட்டி.” ஐந்து மாதம் இப்படியே போயிற்று.

ஒரு காலையில் அவர் அறையிலிருந்து யாரோ ஜெபமாலை சொல்வது கேட்டது. பிசிறில்லாத வயாதோலித் உச்சரிப்பு. வானொலி என்று நினைத்துக்கொண்டாள். பால் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது சத்தம் ஓய்ந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த பெகோன்யா, வழக்கம்போல “அப்பா” என்று கூப்பிட்டாள்.

“மாந்தே” என்றார் லெயாந்த்ரோ ஐயா.

பெகோன்யா கைப்பையைக் கீழே வைத்தாள். “அப்பா, என்னைத் தெரியுதா?”

“தெரியாம என்னங்கம்மா. வந்து பாத்தீங்களே, கடவுள் உங்களுக்குத் திருப்பித் தரட்டும்.”

பெகோன்யாவின் முகம் சுண்டிப்போயிற்று. “எங்கப்பாவை என்ன பண்ணி வச்சிருக்கே சொய்லா? மலைச்சந்தையில உருளைக்கிழங்கு விக்கிறவர் மாதிரி பேசுறார். அவர் மாணவர்கள் கேட்டா என்ன நினைப்பாங்க?”

“உங்க மாதிரி சொல்லித்தரத்தான் பாத்தேன்மா. என் நாக்குக்கு வரல.”

அன்று மாலை மாதா கோயிலில் சொய்லா குருவிடம் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். “பெரிய மனுஷரோட சொத்தைக் கெடுத்துட்டேன் சாமி. நாற்பது வருஷமா சேர்த்து வச்ச பேச்சு.” குரு இதில் பாவம் எதுவுமில்லை என்றார். அவளுக்கு மனம் ஆறவில்லை.

மறுவாரம் பேச்சுப் பயிற்சி மருத்துவர் வந்தார். பெகோன்யாவை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொன்னார். கிழவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே சொற்களைச் சொய்லா சொன்னாள். கிழவர் எல்லாவற்றையும் அவளைப் போலவே திருப்பிச் சொன்னார்.

“இவர் இந்த அம்மா குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறார். இவங்களை அனுப்பினா, வந்த பேச்சும் போயிடலாம்” என்றார் மருத்துவர்.

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“ஒரு வருஷமாவது இருக்கட்டும்.”

பெகோன்யா ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். சொய்லா தலைகுனிந்தே வாங்கிக்கொண்டாள், திருடிய பொருளை வாங்குகிறவள் போல.

அடுத்த ஞாயிறு. நாயெலியை அழைத்துக்கொண்டு சொய்லா பூசைக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. லெயாந்த்ரோ ஐயா ஊன்றுகோலைப் பிடித்து மெல்ல எழுந்து, சுவரிலிருந்த சிலுவைக்கு முன்னால் போய் நின்றார்.

“ஆண்டவரே, அந்தக் குழந்தை கேட்டபோது நான் சிரித்தேன். அதை மன்னியும். இந்தப் பொய்யையும் மன்னியும். இன்னும் ஓராண்டு மட்டும்.”

நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் ஒலித்த அதே குரல். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வாசலில் சாவி திரும்பும் ஓசை கேட்டது. அவர் அவசரமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“ஐயா, வந்துட்டோம்” என்று குரல் கொடுத்தாள் சொய்லா.

“மாந்தே.”