ஆறு கிலோ கார்பன்

அரை மோல் கார்பனின் நிறை ஆறு கிலோ என்று மகன் எழுதி வைத்ததற்காக, பெரிய ஆஸ்பத்திரியின் ஹெட் நர்ஸ் பாதி டியூட்டியில் பெர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குச் சண்டைக்கு வந்திருந்தாள்.

ஆறு கிராம் என்று எழுதியிருக்க வேண்டும். 'கிலோ' கூடிப்போனதில் இரண்டு மார்க் போயிற்று. அந்த இரண்டு மார்க்கில் பையன் வேதியியலில் ஃபெயில். ஃபெயில் என்றால் விடுமுறையில் மறுதேர்வு. மறுதேர்வு என்றால் அண்ணன் வீட்டுக்குப் போட்டிருந்த டிக்கெட் எல்லாம் ரத்து. இதில் அண்ணி வேறு போன் பண்ணி, பையனுக்குப் படிப்பு ஏறவில்லையா என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டாள். ஹெட் நர்ஸுக்கு ரத்தம் கொதித்தது உண்மையில் அங்கேதான்.

வேதியியல் வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"அரை மோல் கார்பன்ல எத்தனை அணு, அதோட நிறை என்ன. இதுதானே சார் கேள்வி? அணுவைச் சரியா சொல்லிட்டானா இல்லையா?"

"சொல்லிட்டான். அதுக்கு முழு மார்க் போட்டிருக்கேன், சிஸ்டர்."

"மூணு போட்டு, பின்னாடி இருபத்து மூணு சைபர். அத்தனை அணுவையும் ஒண்ணு விடாம எண்ணின பிள்ளை, எடையில கொஞ்சம் கை தவறிட்டான். அதுக்குப் போய் ரெண்டு மார்க்கா?"

வாத்தியார் அவளைப் பக்கத்து லேபுக்கு அழைத்துப் போனார். தராசில் ஒரு தாளை வைத்து, கரித்தூளைத் தட்டித் தட்டிக் கொட்டினார். ஆறு கிராம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது.

அணுவை யாரும் கையால் எண்ண முடியாது, அதனால்தான் எடை போட்டு எண்ணுகிறோம் என்று விளக்கினார். டஜன் என்றால் பன்னிரண்டு என்கிற மாதிரி, மோல் என்றால் இத்தனை என்று ஒரு பெரிய கணக்கு. ஒரு மோல் கார்பன் பன்னிரண்டு கிராம், அரை மோல் ஆறு கிராம். பையன் சொல்கிற ஆறு கிலோவில் ஐந்நூறு மோல் இருக்கும்.

"ஆயிரம் மடங்கு வித்தியாசம், சிஸ்டர். எடை தப்பினா எண்ணிக்கையும் தப்பினதுதான்."

"கரிதானே சார்? கூடக் கொஞ்சம் இருந்தா அடுப்புக்காவது ஆகும்."

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். அவருக்கு ஊரோடு ஒத்துப்போகிற சுபாவம். ஒரு மார்க்காவது பார்த்துப் போடலாமே என்று வாத்தியாரின் காதைக் கடித்தார். வாத்தியார் அசையவில்லை. பையனுக்குத் தானே உட்கார்ந்து சொல்லித் தருவதாகவும், மறுதேர்வில் அவன் கண்டிப்பாகத் தேறிவிடுவான் என்றும் மட்டும் சொன்னார்.

அவ்வளவுதான். ஹெட் நர்ஸ் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். படித்துவிட்டால் போதுமா, மனசு என்று ஒன்று வேண்டாமா, வளருகிற பிள்ளையை இப்படியா முளையிலேயே கிள்ளுவது, இரக்கமே இல்லாதவர்களை எல்லாம் யார் வாத்தியாராகப் போட்டது என்று மூச்சு விடாமல் கேட்டாள்.

நடுவில் அவள் செல்போன் அடித்தது. வார்டிலிருந்து ஜூனியர் நர்ஸ். கொஞ்சம் கத்திப் பேசுகிற பெண், அதனால் லேபில் எல்லோருக்குமே கேட்டது. போன வாரம் மருந்துச் சீட்டில் மில்லிகிராமுக்குப் பதில் கிராம் என்று எழுதிய பயிற்சிப் பெண் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாளாம். மருந்து கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்தாயிற்றே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, பாவம், வார்டுக்குள் விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

ஹெட் நர்ஸின் குரல் தானாக டியூட்டிக் குரலாக மாறியது.

"பாவம் பார்க்கிற இடமா அது? எழுதின எண் சரியா இருந்தா மட்டும் போதுமா? ஆயிரம் மடங்கு வித்தியாசம். திரும்பவும் முதல்ல இருந்து படிக்கட்டும். சரியா எழுதிக் காட்டின பிறகுதான் மருந்தைத் தொடணும். அழுதா அழட்டும்."

போனை வைத்தாள்.

தலைமையாசிரியர் மின்விசிறியை மிகுந்த ஆர்வத்தோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் கரித்தூளை ஜாடிக்குள் திருப்பிக் கொட்டத் தொடங்கினார்.

ஹெட் நர்ஸின் முகம் ஒரு சுற்றுச் சிவந்து அடங்கியது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மறுதேர்வு என்னைக்கு சார்?" என்றாள்.

வாத்தியார் கேட் வரைக்கும் கூடவே வந்தார். சும்மா நடக்கக் கூச்சமாக இருந்ததால், அவளே பேச்சை எடுத்தாள்.

"அந்தப் பயிற்சிப் பொண்ணைச் சொல்லணும் சார். அழுதாளே தவிர ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. அவ வீட்ல இருந்தும் யாரும் சண்டைக்கு வரலை. என்னை மாதிரி இல்லாம, நல்ல மனுஷங்க போல."

வாத்தியார் கேட்டைத் திறந்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரி தினமும் விரட்டிக்கிட்டுத்தான் இருக்கா சிஸ்டர், 'நம்ம பொண்ணுக்காக ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு சண்டை போட்டுட்டு வாங்க'ன்னு. நான்தான் போகலை."