மேலே போனபிறகு

பெண் பார்க்க வந்தவர் முன்னறையில் காபிக்காகக் காத்திருந்தார். பெண் அடுப்படியில் நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்றாள்.

துளசிமணி தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். பழுப்புச் சேலை. வெறும் கழுத்து. முப்பத்தெட்டு வயதில் கிழவி நடை.

"அவரு மேல இருக்காருங்க்கா. நான் போய்ப் பாக்கோணுமில்லீங்களா," என்றாள் இந்துமதி.

மறுபடியும் அதே பேச்சு.

புருஷன் நஞ்சப்பன் பல்லடம் ரோட்டில் பைக்கோடு லாரியில் மோதிச் செத்து எட்டு வருஷம். அன்றிலிருந்து இந்துமதி இந்த உலகத்தில் இல்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நிற்பாள். காதில் ஒரு சாமியாரின் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அடக்கமாக இருந்தவளுக்கு அங்கே அதே புருஷன், அதே மஞ்சள் குங்குமம், பிரிவே கிடையாது என்பார் அவர். பேசி முடித்ததும் நெய் வழியப் பொங்கல் தின்றுவிட்டு ஏசி காரில் ஏறிப் போவார்.

இவள் கறியை விட்டாள். பூவை விட்டாள். கம்பெனியில் எல்லாரும் வேன் பிடித்து ஊட்டிக்குப் போனபோது வயிறு சரியில்லை என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். குடியிருக்கும் மண்ணரைச் சந்துக்குள் எங்காவது கல்யாணப் பாட்டுக் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தாள். எப்போது பேரைக் கூப்பிடுவார்கள் என்று.

பார்க்கப் பார்க்கத் துளசிமணிக்கு அருவருப்பாக இருந்தது. பக்தியாக இருந்தால் அவளே தங்கையைக் கும்பிட்டிருப்பாள். இது பக்தி இல்லை. வாழப் பயந்தவளுக்கு ஒருத்தன் எடுத்துக் கொடுத்த சாக்கு.

அதுவும் யாருக்காக? காபியில் சர்க்கரை குறைந்தால் டம்ளரை வாசலில் வீசியவனுக்காக.

முன்னறையில் இருந்த ஈஸ்வரமூர்த்தி அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். இந்துமதி காய்ச்சலில் கிடந்தபோது விசாரித்துக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று இளநீரைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு இந்துமதி கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றதைத் துளசிமணி பார்த்திருந்தாள்.

"உசுரோட ஒரு மனுசன் ஊட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கறாரு. நீ செத்தவனுக்குக் காவல் இருக்கறியா கண்ணு?"

"அவரு அங்க தனியா இருப்பாருங்க்கா."

தனியா!

துளசிமணிக்குப் பொறுக்கவில்லை.

"அவன் ஒண்ணும் தனியாப் போகலை புள்ள."

சொன்ன பிறகுதான், சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடியது துளசிமணியும் அவள் கணவரும்தான். நஞ்சப்பனுக்குப் பின்னால் பைக்கில் உட்கார்ந்து வந்த பெண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கிடப்பவள் வேறு ஏதோ விபத்தில் செத்தவள் என்று இந்துமதியிடம் சொன்னதும் துளசிமணிதான்.

இந்துமதி அழவில்லை. பால் பொங்கி மேலே வந்தது. அடுப்பைக் குறைத்தாள்.

"தெரியுமுங்க்கா. போர்த்தியிருந்த துணிக்கு வெளிய அந்தப் புள்ளையோட காலு தெரிஞ்சுது. கால்ல என்னோட கொலுசு. தொலைஞ்சு போச்சுன்னு ஊடு பூராத் தேடுனனே, அது. அவரும் எங்கூடவே தேடுனாருங்க்கா."

துளசிமணி அடுப்பையே அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்பறம் எதுக்கு இந்த விரதமெல்லாம்?"

"புருஷன் எந்தப் பாவம் பண்ணியிருந்தாலும், பொண்டாட்டியோட புண்ணியத்துல அவனையும் அங்க கொண்டாந்து நிறுத்துவாங்கன்னு சாமி சொல்றாரு. நிறுத்தட்டும். அவரை நேராப் பாத்து ஒண்ணு கேக்கோணும். அவ்வளவுதானுங்க்கா."

காபியை ஆற்றி டம்ளரில் ஊற்றினாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அவளே எடுத்துப் போனாள். ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க. எனக்கு ஒரு சோலி பாக்கி இருக்குதுங்க. அது முடியாம வேற எதுவும் பண்ண முடியாதுங்க."

ஏதோ வீட்டு வேலை என்று நினைத்திருப்பார். மறுத்துவிடுவாள் என்று பயந்து வந்த முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்கென்னங்க, மெதுவா முடிங்க. நான் இருக்கறேன்."