உள்ளங்கையில் ஒரு காய்

ஹெப்சியின் கண்களைக் கைக்குட்டையால் கட்டிவிட்டு, ஃபீபி டீச்சர் அவள் கையில் ஒரு காயை வைக்கிறார். ஜவ்வாது மலையில் எந்த மரத்துக் காய் அது என்று சொல்பவருக்குத்தான் அதன் கன்றை நடக் கிடைக்கும். வரிவரியாக உலர்ந்த காய். முகர்ந்ததுமே தெரிந்துவிடுகிறது, அப்பாவின் சட்டை வாசம். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பதை அவள் இங்கே யாரிடமும் சொன்னதில்லை. காற்று தோல் ஷாப் பக்கமிருந்து திரும்பி வீசுகிறது. "உவ்வே, தோல் ஷாப்பு நாத்தம்டா!" என்கிறான் ஷாஜின். வகுப்பே சிரிக்கிறது. "என்னம்மா, தெரியலையா?" டீச்சரின் குரல் நெருங்கி வருகிறது. ஹெப்சி காயை இன்னொரு முறை முகர்கிறாள். "கடுக்காய், டீச்சர். தோல் பதம் பண்ண எங்கப்பா இதத்தான் ஊறப்போடுவாரு." சிரிப்பு நின்றுபோகிறது. கட்டுக்குள் ஒரே இருட்டு. யார் முகம் எப்படி இருக்கிறதோ. பிறகு அவளுடைய இரண்டு கைகளிலும் ஈரமண் பை ஒன்று வந்து கனக்கிறது. இலையொன்று மோவாயைத் தொடுகிறது.