கறை படிந்த காந்தம்

ரெஜினாவின் ஆய்வேடே அவள் கண்டுபிடித்த வினையூக்கியை நம்பித்தான் இருந்தது. ஆனால் அது அவள் குடுவையில் மட்டுமே வேலை செய்தது. மற்றவர்கள் செய்தால் கரைசல் மஞ்சளாவதே இல்லை. "எல்லாம் உன் கைராசி" என்பான் பக்கத்து மேசை அன்சாரி. இன்று, கரைசலைக் கலக்கும் காந்தத் துண்டைக் கழுவும்போதுதான் அதிலிருந்த கறுப்புக் கறையை உற்றுப் பார்த்தாள். அமிலத்தில் ஊறவைத்தும் போகவில்லை. அவளுக்கு முன் அதை வைத்திருந்தவர் பல்லேடியம் என்ற உலோகத்தை வினையூக்கியாக வைத்து வேலை செய்தவர். தன் வினையூக்கியைச் சேர்க்காமல், காந்தத்தை மட்டும் கரைசலில் போட்டுச் சுழலவிட்டாள். இத்தனை காலமும் மாறச் சொல்லிக் கெஞ்சிய கரைசலிடம், "மாறாத, ப்ளீஸ், மாறிடாத" என்று முணுமுணுத்தாள். மெல்ல மஞ்சள் ஏறியது. எட்டிப் பார்த்த அன்சாரி கைதட்டினான். "நான்தான் சொன்னேன்ல? உன் கைராசியே தனி!"