கடல் பக்கத்துச் சுவர்

"பெட்டி ஸ்பீக்கரே போதும்க்கா. செவுத்த இன்னாத்துக்கு ஒடைக்கணும்?" என்றான் ஸ்பீக்கர் மாட்ட வந்த ஃபவாஸ். ஜெஸ்லின் கேட்கவில்லை. கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பாத கணவன் ஆன்றோ, சுவருக்குள் பதிக்கிற ஸ்பீக்கருக்குத்தான் ஆசைப்பட்டிருந்தான்.

நான்கையும் பதித்து முடித்ததும், ஃபவாஸ் ஜெஸ்லின் உட்கார்ந்திருந்த சோபாவில் மைக்கை வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சத்தம் எழுப்பி, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்தான். மூன்று ஸ்பீக்கர்களுக்குச் சரியாக ஏழடி என்று வந்தது. கடல் பக்கத்துச் சுவரில் இருந்தது மட்டும் முந்நூறு அடி என்று வந்தது. வயரை மாற்றினான். நூற்றிருபது. மறுபடி அளந்தான். நாற்பது.

"இன்னாக்கா இது, கொறஞ்சிகினே வருது? கழட்டிடவா?"

"வேண்டாம்ப்பா. இன்னொரு தடவ பாரு."

மூன்றடி என்றது டி.வி. திரை. அந்தச் சுவரே ஏழடி தள்ளித்தான் இருந்தது.

ஜெஸ்லின் சோபாவில் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.